போர்மேன் நாற்காலியில் மை

நான் மை உருட்டும் அச்சுக்கூடத்தில் அச்சைவிட அச்சம் அதிகம்.

ஓர் எழுத்து தலைகீழாக நின்றால் போதும், எழுத்துக் கோக்கும் அருளப்பன் அண்ணனைப் போர்மேன் அறைவார். வாங்கி வாங்கி அண்ணனுக்கு இப்போது எந்நேரமும் கை நடுங்குகிறது. நடுங்குவதால் இன்னும் பிழை, இன்னும் அறை.

அதற்குப் பழிவாங்க இன்று போர்மேன் நாற்காலியில் மை தடவினேன். அண்ணன் சிரிப்பார் என்று நினைத்து அவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“ஏலே பாவி! யாரு செஞ்சாலும் அவரு என்னையத்தாம்லே அடிக்காரு. தொடைச்சிருலே!”

“இந்த வேலைய விட்டுத் தொலைங்கண்ணே.”

“விட்டுட்டு எங்கன போவச் சொல்லுத? எனக்கு வேற என்னலே தெரியும்?”

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். துணி தேட நேரமில்லை. நாற்காலியில் நானே உட்கார்ந்து, வேட்டியாலேயே மையைத் தேய்த்து எடுத்தேன்.

“என் நாற்காலியில ஒனக்கு என்னலே சோலி?”

பளார். அறை விழுந்தது என் கன்னத்தில்தான்.

ஆனால் மூலையில் அருளப்பன் அண்ணன் தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றார்.

நாளைக் காலையும் இருவரும் அங்கேதான் போகவேண்டும்.

மக்கா, வேட்டியில் மைக்கறை போக வழி தெரிந்தால் சொல்லுங்கள். அண்ணனின் நடுக்கம் போக வழி தெரிந்தால், வேட்டி கிடக்கட்டும், அதை முதலில் சொல்லுங்கள்.