அழித்த முகம்

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. பாத்திரத்தைத் தூக்கிப் போடும், கதவை அறைந்து சாத்தும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பாழாய்ப்போன கை போனை எடுத்தது.

அரியாங்குப்பத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன அன்று, பாகூரிலிருந்து என் தம்பி கொண்டுவர வேண்டிய தாய்வீட்டு வரிசை பந்தி முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. அவன் கரும்பு ஏற்றி அனுப்பின லாரி வழியில் நின்றுவிட, அதைக் கவனித்துவிட்டு வர நேரமாகிவிட்டதாம். அதற்குள் என் மாமியார், நாலு பேர் காதுபட, "உன் பொறந்த வூட்டுக்கு இன்னும் விடியலியா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு மானமே போயிற்று. தம்பியை வாசலிலேயே நிறுத்தி வாய்க்கு வந்தபடி பேசினேன். அவன் தட்டுகளை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனான். அத்தோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பழைய படங்களை எல்லாம் ஒரு ஆப் வழியாக இணையத்தில் ஏற்றி, விசேஷம் வாரியாக ஆல்பம் பிரித்து, சொந்தக்காரர்களுக்கு லிங்க் அனுப்பியிருந்தேன். ஏற்றியாயிற்றே என்று மெமரி கார்டைக் காலி செய்தேன், லேப்டாப்பைப் பழைய சாமான்காரரிடம் போட்டேன். அந்த ஆப் ஆளாளுக்கு முகம் பார்த்துப் படங்களைச் சேர்த்து வைக்கும். குடிபோன படங்களை ஏற்ற உட்கார்ந்தால், முதல் வரிசையில் தம்பி சிரிக்கிறான். பற்றிக்கொண்டு வந்தது. அவன் முகத்தைத் தொட்டு, அதிலிருந்த அத்தனையையும் தேர்ந்தெடுத்து, ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல் அழித்தேன். விட்டது சனியன் என்று எழுந்துபோய்க் காபி போட்டுக் குடித்தேன்.

போன மாதம், விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள் கூப்பிட்டாள்.

"இன்னாமா, என் காதுகுத்து ஆல்பத்தத் தொறந்தா பந்தலும் சாப்பாட்டு எலையும்தான் இருக்குது. நான் எங்க?"

அப்போதுதான் உறைத்தது. மொட்டை போடும்போதும் காது குத்தும்போதும் பிள்ளை தாய்மாமன் மடியில்தானே உட்கார்ந்திருக்கும்! அவள் வீரிட்டு அழுத படம், மொட்டைத் தலையில் சந்தனம் பூசின படம், முதல் கம்மலோடு முறைத்த படம், எல்லாவற்றிலும் அவன் இருந்தான். ஆப்பின் குப்பைத்தொட்டியில் தேடினேன். அதற்கும் கெடு உண்டு, எப்போதோ காலியாகியிருந்தது. அன்றைக்குக் கேமரா எங்களிடம் மட்டும்தான் இருந்தது. பெற்ற பிள்ளையின் படத்தை நானே அழித்திருக்கிறேன், பாவி.

வெட்கத்தை விட்டுத் தம்பிக்குப் போன் செய்தேன். அவனிடம் ஒன்றிரண்டாவது இருக்கும் என்று ஒரு நப்பாசை.

"என்கிட்ட ஏதுக்கா? நீ அனுப்புன லிங்க்லதான் பாத்துக்கினு இருந்தேன்."

"ஒண்ணாவது எடுத்து வச்சிருக்கக் கூடாதாடா?"

"உன் பொண்ணு படம், உன்கிட்ட பத்திரமா இருக்கும்னு நெனச்சேன். படம் போன அன்னிக்கே பாத்தேன்க்கா. என் மூஞ்சி இருக்கறதா பாத்துப் போயிருந்திச்சி. நீதான்னு புரிஞ்சிச்சி."

"அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா திரும்ப எடுத்திருப்பேனேடா!"

"என் மூஞ்சியே வேணாம்னு அழிச்சிட்ட. திரும்ப வையின்னு நான் எப்டிக்கா கேக்கறது?"