காற்றோட்டமான இடம்

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பம்புசெட் பட்டறை வைத்திருந்த நத்தர்ஷாவிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், காற்றாடி மிஷினைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. பேசினால் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வாசல் வரை நடந்துபோய், 'த்தூ' என்று துப்பிவிட்டு வந்துதான் மறுபடி வேலையைத் தொடுவார். சர்க்காரை நினைத்துத்தான் துப்புகிறார் என்று ஊர் நம்பியது. துப்பட்டும், சர்க்காரைத் துப்பாத வாய் எந்த ஊரில் இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அவர் மனைவி அம்சத் பீவிக்கு மட்டும் அதில் சந்தேகம். "சர்க்காரத் துப்புறவுக டீக்கடையில நாலு பேரு கேக்கத் துப்புவாக. இவுக எதுக்கு யாரும் பாக்காம சாக்கடையப் பாத்துத் துப்புறாக?" என்பாள்.

ஆள் லேசுப்பட்டவர் அல்ல. பதினாறு வயதில் மேகமலைத் தேயிலை ஃபாக்டரிக்கு எண்ணெய் விடப் போனவர், பத்து வருஷம் அந்தக் குளிரில் விறைத்து, எஞ்சினுக்கு எங்கே நோகிறது என்பதைக் காதால் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டு கீழே இறங்கினார். அறுபத்தெட்டில் பட்டறை போட்டார். சின்னமனூரிலிருந்து கூடலூர் வரைக்கும் கிணற்றில் மோட்டார் மக்கர் பண்ணினால் "பாயைக் கூப்பிடு" என்பதுதான் பேச்சு. அதனால்தான் எண்பத்திரண்டில், காற்றில் ஓடித் தண்ணீர் இறைக்கும் மிஷினை ஊர் ஊராக நிறுத்தும் திட்டம் வந்தபோது, உள்ளூர் மெக்கானிக்காக அவரையே பிடித்து மெட்ராஸில் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அந்த மிஷினை அவருக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மற்றது புரியாது. பன்னிரண்டு தகட்டு இறக்கை, பின்னால் ஒரு வால். காற்று எந்தப் பக்கம் வந்தாலும் வால் சக்கரத்தைத் திருப்பி அதன் முகத்துக்கு நேரே நிறுத்தும். காற்று மிஞ்சினால் அதே வால் மடங்கிச் சக்கரத்தை ஒதுக்கிக் காப்பாற்றும். டீசல் வேண்டாம், கரண்ட் வேண்டாம். பக்கத்தில் மரமோ கட்டடமோ இருந்தால் மட்டும் உருப்படாது என்று பயிற்சியில் மூன்று தடவை சொன்னார்கள். மூன்று தடவையும் அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவர் பொறுப்பில் வந்த முதல் மிஷின் செவக்காட்டுப்பட்டிக்கு. காலனிக் குடிதண்ணீருக்கென்று சாங்ஷன் ஆனது. காலனிக் கிணறு களத்துமேட்டின் அடியில் இருந்தது. அறுபதடி ஆழம். கயிறு இழுத்து இழுத்துக் காலனிப் பெண்களின் உள்ளங்கை மண்வெட்டிக்காரன் கை மாதிரி காய்த்துப் போயிருந்தது. மிஷின் வந்தால் அந்தக் கயிற்றைத் தூக்கி எறிந்துவிடலாம்.

இடம் பார்க்க வந்தவர் ராஜமணி என்கிற இளம் இன்ஜினீயர். நல்ல மனுஷன், மரியாதையான பேச்சு. கையில் அச்சடித்த தாள். அதில் எந்த மகராசன் மொழிபெயர்த்தானோ, 'நல்ல காற்றோட்டமுள்ள இடத்தைத் தேர்வு செய்க' என்று போட்டிருந்தது. அவரும் அதை அப்படியே ஊர்க்கூட்டத்தில் கேட்டார்.

"ஊர்ல நல்லா காற்றோட்டமான இடம் எதுங்க?"

காற்றோட்டமான இடம் என்றால் நம்மூரில் என்ன அர்த்தம்? நிழலாக, குளுகுளுவென்று, துண்டை விரித்துப் படுத்தால் கண் சொருகுமே, அந்த இடம். கூட்டம் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "ஆதித்தன் ஐயா தென்னந்தோப்புதாங்க" என்றது. காலனி ஆட்களும் தலையாட்டினார்கள். சூது ஒன்றும் இல்லை, கேட்ட கேள்விக்கு உண்மையான பதில். ஆதித்தன் சிரித்துக்கொண்டே, "வையுங்க, கெணறும் இருக்கு, எல்லாரும் வந்து பிடிச்சுக்கட்டும்" என்று சொல்லி இளநீர் வெட்டச் சொன்னார்.

காலனியிலிருந்து களத்து வேலைக்குப் போகிற சுப்புத்தாய்தான் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "காத்தோட்டம் வேணும்னா தோப்புக்குப் போங்க சாமி. காத்து வேணும்னா களத்துமேட்டுக்கு வாங்க. கணவாயில இருந்து நேரா வந்து அங்கனதேன் அறையும். நின்னா சேல இடுப்புல நிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். ராஜமணி சிரிக்கவில்லை. நத்தர்ஷாவின் பக்கம் திரும்பி, "பாய், நீங்க பயிற்சி எடுத்தவர். சொல்லுங்க" என்றார்.

அவருக்குத் தெரியும். சுப்புத்தாய் சொன்னதுதான் சரி என்று நோட்டில் மூன்று இடத்தில் எழுதியிருந்தது. ஆனால் களத்துமேட்டுக்கு வண்டிப்பாதை கிடையாது. இரும்புக் கால்களைத் தலைச்சுமையாக ஏற்ற வேண்டும். பதினைந்து நாள் மொட்டை வெயிலில் நிற்க வேண்டும். கையில் இளநீர் இருந்தது, தலைக்கு மேல் நிழல் இருந்தது. மிரட்டலும் இல்லை, லஞ்சமும் இல்லை. இருந்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம் இருந்திருக்கும். வெறும் உடம்பு வணங்காமைக்காக ஒரு மனுஷன் தன் வித்தையை விற்றான்.

"தோப்பு சரியா இருக்கும் சார்" என்றார்.

திறப்பு விழா சித்திரையில் வைத்தார்கள். சித்திரையில் கம்பம் பள்ளத்தாக்கில் ஓலைகூட அசையாது. திட்டத்தின் பெரிய அதிகாரி வருகிறார், சக்கரம் சுற்றியே ஆக வேண்டும் என்று உத்தரவு. நத்தர்ஷாவே தன் பட்டறையிலிருந்து டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து தென்னங்கிடுகு மறைப்புக்குள் வைத்துக் குழாயை ரகசியமாகத் தொட்டிக்குக் கொடுத்தார். சக்கரத்தின் நடுத்தண்டில் நைலான் கயிற்றைச் சுற்றி, இரண்டு பேரை மரத்துக்குப் பின்னால் நிறுத்தி இழுக்கச் சொன்னார். சக்கரம் சுற்றியது, தண்ணீர் கொட்டியது, கூட்டம் கைதட்டியது. "அது என்ன டுபுடுபுன்னு சத்தம்?" என்று கேட்டார் அதிகாரி. "மாவு மில்லுங்க ஐயா" என்று யாரோ சொன்னார்கள். அந்த ஊரில் மாவு மில்லே கிடையாது.

முதல் குடத்தைப் போட்டோவுக்காகச் சுப்புத்தாயின் இடுப்பில் வைத்தார்கள். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு நத்தர்ஷாவைத் தாண்டிப் போகும்போது மெதுவாகச் சொன்னாள்: "பாய், ஒங்க காத்துல டீசல் வாடை அடிக்குது."

அவர் முதல் தடவை துப்பியது அன்றைக்குத்தான்.

அப்புறம் ஆனி வந்தது, ஆடி வந்தது. அம்மி பறக்கிற காற்று கணவாய் வழியாக இறங்கிக் களத்துமேட்டை அறைந்துவிட்டு, தோப்புக்கு வந்ததும் தென்னைகளில் சிக்கிச் சிதறியது. மிஷினின் வால், எஜமானைத் தொலைத்த நாய் மாதிரி, அங்கிட்டும் இங்கிட்டும் ஆடியது. சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றும், நிற்கும், திரும்பும். பத்துக் குடம் தண்ணீர் வந்த நாளைத் திருநாள் என்று சொல்ல வேண்டும். அடுத்த ஆடிக்குள் வாலின் போல்ட் அறுந்தது. மேலே காக்கை கூடு கட்டியது, கீழே ஆதித்தனின் எருமை கட்டப்பட்டது. காலனிப் பெண்கள் தங்கள் கிணற்றுக்கும் கயிற்றுக்கும் திரும்பினார்கள்.

விசாரிக்க வந்தவன் வீரபாண்டி என்கிற கிளார்க். ராஜமணியை அதற்குள் வேறு எங்கோ மாற்றியிருந்தார்கள். தாளில் இரண்டே கட்டம். இயந்திரக் கோளாறு, போதிய காற்றின்மை.

"எடம் தப்புன்னு எழுத வழி இல்லையா?" என்று கேட்டார் நத்தர்ஷா.

"அப்பிடி ஒரு கட்டமே இல்ல பாய். மிஷின் கோளாறுன்னு போட்டா ஒங்க தலையில விடியும், சர்ட்டிபிகேட்டப் பிடுங்கிருவாக. காத்து பத்தலைன்னு போட்டா யாருக்கும் நோகாது. காத்து வந்து கேசா போடப்போகுது?"

ஜீப்பின் பானெட்டில் வைத்த தாள் பறந்துவிடாமல் டிரைவர் ஒரு மூலையையும் வீரபாண்டி ஒரு மூலையையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். புழுதி கண்ணில் அடிக்க அடிக்க, நத்தர்ஷா 'போதிய காற்றின்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஊருக்கு இளைத்தது காற்று என்று ஆயிற்று. ஜீப் கிளம்பியதும் வாயில் ஒட்டிய புழுதியோடு சேர்த்துத் துப்பினார். அன்றிலிருந்துதான் துப்புவது வழக்கமானது.

எண்பத்தைந்து ஆடியில் ஆதித்தனின் மோட்டாரைப் பார்க்கச் செவக்காட்டுப்பட்டிக்குப் போனார். களத்துமேட்டில் கேப்பை தூற்றிக்கொண்டிருந்த சுப்புத்தாய் கூப்பிட்டாள். மிஷினைத் தோப்பிலிருந்து எடுத்து மேட்டில் நட்டுத் தரச் சொல்லிக் காலனி மனுப் போட்டிருந்ததாம், பதில் வந்திருக்கிறதாம்.

"நாங்களே தலையில தூக்கியாறோம்னு எழுதுனோம் பாய். வாசிங்க, என்னைக்கு எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காக?"

அவர் தாளைப் பிரித்தார். பதர் பறந்து வந்து வாயிலும் கண்ணிலும் அடித்தது. தன் பெயர் வருகிற இடத்தை மட்டும் தாண்டி வாசித்தார்.

"தங்கள் கிராமத்தில் போதிய காற்று இல்லை என்பது உறுதி செய்யப்பட்டுள்ளதால் மனு நிராகரிக்கப்படுகிறது. மேற்படி காற்றாடி, காற்றுள்ள வேறு கிராமத்துக்கு மாற்றப்படும்."

சுப்புத்தாய் முறத்தைத் தாழ்த்தினாள். சேலைத் தலைப்பு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு கேட்டாள்: "காத்து இல்லையாமா? எந்த வெளங்காத பய பாய் அப்பிடி எழுதிக் குடுத்தான்?"

அவளுக்கு எழுத்துத் தெரியாது. 'யாருன்னு தெரியல' என்று அவர் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். இத்தனை நாள் வாசல் வரை போய்த் துப்பியும் போகாத ஒன்று தொண்டையில் நின்றது.

"நாந்தேன் தாயி" என்றார்.

அவள் வையவில்லை. வைதிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். தாளை அவர் கையிலிருந்து வாங்கி விரல்களை விரித்தாள். அது பதரோடு பதராகப் பறந்துபோய்த் தோப்பு வேலியில் ஒட்டிக்கொண்டது.

"அன்னைக்குக் குடிச்ச எளநி இன்னும் வயித்துலயேவா பாய் கெடக்கு?" என்று கேட்டுவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுக்கு இறங்கினாள்.

நத்தர்ஷாவுக்கு வழக்கம்போலத் துப்ப வந்தது. அங்கே வாசல் இல்லை, சாக்கடை இல்லை. மலையைப் பார்த்துத் துப்பினார். கணவாய்க் காற்று அதை அப்படியே திருப்பிக்கொண்டு வந்து அவர் முகத்தில் அப்பியது.

கீழிருந்து சுப்புத்தாய் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்துத் துப்புங்க பாய். இது காத்து இல்லாத ஊரு."