பேராச்சி காத்த வீடு

இடது காலை நிலைப்படிக்கு உள்ளேயே வைத்துக்கொண்டு, வலது காலை மட்டும் வெளியே ஊன்றி, உடம்பை முன்னால் வளைத்துப் பேராச்சி கீரைக்கட்டைப் பிரித்துப் பார்க்கிறாள். கீரைக்காரி கூடையைக் கொண்டுவந்து படியை ஒட்டி வைத்தாக வேண்டும். ஓரடி தள்ளி வைத்தாலும் வியாபாரம் நடக்காது. "கிட்ட தள்ளி வையேன்ட்டி, எனக்குக் கை எட்டல பாரு" என்பாள். இறங்கி வந்தால் எட்டுமே என்று புதிதாக வருகிறவர்கள்தான் சொல்வார்கள். பழகியவர்கள் பேசாமல் கூடையை நகர்த்தி வைத்துவிடுவார்கள்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற சந்தின் கோடியில் இருக்கிறது அவள் வீடு. சாரல் பிடித்துவிட்டால் அருவி விழுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் ஜனங்கள் துண்டும் எண்ணெயுமாக வந்து இறங்குகிறார்கள். பேராச்சி வீட்டுப் புறவாசலில், கிணற்றடியில், கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறாள். அருவியில் குளித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கேட்டால், "அருவி எங்க போயிரப் போவுது? நான் அங்கன போனா வீடுல்லா போயிரும்" என்பாள்.

வீட்டைச் சுற்றிய மண்சுவரின் மேல் நெடுகக் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறாள். சீசனுக்கு வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் சோடா பாட்டிலும் எண்ணெய்க் குப்பியும் அவளுக்கு வீணாவதில்லை. சாக்கில் போட்டு உடைத்து, சுண்ணாம்புச் சாந்தில் அவளே குத்தி வைப்பாள். விரலில் அதற்கான தழும்புகள் உண்டு. சில்லுக்கெல்லாம் அஞ்சாதவை குரங்குகள்தான். கூரை ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கி வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போகும். குரங்குகளை அவள் விரட்டுவதே இல்லை. "அதுக்கு வயிறு நெறஞ்சா போயிரும். மனுசன்தான் வந்தா போவமாட்டான்" என்பாள்.

முன்னறைகள் இரண்டையும் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் வெளியூர்க்காரர்களுக்கு விடுவாள். அந்த வாடகையில்தான் வருஷம் முழுக்க அவள் அடுப்பு எரிகிறது, வீட்டு வரி போகிறது, ஓடு மாற்றுகிறாள். அடுப்படியை ஒட்டிய இருட்டறை தவிர அப்போது அவளுக்கு இடம் கிடையாது. ஆனால் புரட்டாசி பிறந்த பிறகு ஒரு நாள்கூட யாரையும் தங்க விடமாட்டாள். ஒரு வாத்தியார் குடும்பம், நல்ல மனுஷர்கள், மாத வாடகைக்கு இங்கேயே இருந்துகொள்கிறோம் என்று கேட்டுப் பார்த்தார்கள். அவர்கள் பெட்டியைத் தானே தூக்கி வாசலில் வைத்துவிட்டாள். "இன்னைக்கு வாடகைக்குன்னு வருவாக. நாளைக்குப் போவமாட்டோம்னு சொல்லுவாக. பொறவு நான் எந்தக் கோர்ட்டுக்கு ஓட?"

கோர்ட்டு அவளுக்குப் புதிதல்ல. அவள் புருஷன் பால்வண்ணநாதன் மலைத்தோட்டங்களில் மங்குஸ்தான், ரம்புட்டான் மரங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பழம் விற்றவர். நெஞ்சில் சளி கட்டி, ரத்தமாகக் கக்கி, வைத்தியத்துக்காக வீட்டை அடமானம் வைத்து, அதைத் திருப்பாமலே கண்ணை மூடினார். அப்போது மகள் செண்பகத்துக்குப் பாவாடை கட்டுகிற வயது. பேராச்சி சீசன்காரர்களுக்குச் சமைத்துப்போட்டாள், முன்னறைகளை வாடகைக்கு விட்டாள், காதில் தொங்கிய பாம்படத்தைக் கழற்றி விற்றாள். புருஷனின் தம்பி தங்கசாமி அந்த நாளில் இந்தச் சந்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வீடு அடமானத்திலிருந்து மீண்டு பத்திரம் அவள் கைக்கு வந்த பிறகுதான் அவனுக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. "எங்க அய்யா காசும் சேர்ந்து கட்டுன வீடுதான மதினி? எனக்கும் பாதி இருக்குல்லா" என்றான்.

நயாபைசா வந்த வருஷம் அது. பேராச்சியின் தாயார் ஆலங்குளத்தில் காலமாகிவிட்டாள். மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காரியமெல்லாம் முடித்து அவள் திரும்பி வந்தபோது வாசல் திறந்து கிடந்தது. பூட்டு உடைந்து படியில் கிடந்தது. அவளுடைய அண்டாவும் குத்துவிளக்கும் முற்றத்து மழையில் நனைந்துகொண்டிருந்தன. உள்ளே, அவள் புருஷன் உட்காருகிற பெஞ்சியில் தங்கசாமி இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க மதினி. சாப்புடுதியளா?"

பேராச்சி அவனைத் தாண்டி நடந்தாள். நேரே அடுப்படிக்குப் போனாள். அடுப்புக்குப் பக்கத்தில் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தங்கசாமி கத்தினான், கையை ஓங்கினான். சந்தில் கூட்டம் கூடிவிட்டதால் தொடப் பயந்தான். அவன் பெண்டாட்டி இவர்களைச் சுற்றிச் சுற்றி நடந்து சமைத்தாள். எதிரே சீயக்காய், எண்ணெய்க் கடை வைத்திருக்கும் கிதிர் முகம்மது, தன் வீட்டிலிருந்து சோறு கட்டிவந்து பின்சுவருக்கு மேலாகச் செண்பகத்திடம் நீட்டுவார். தென்காசி வக்கீல் தடை உத்தரவு வாங்கி வரும் மட்டும் அப்படியே கழிந்தது. போலீஸ்காரர் வந்து நின்ற பிறகுதான் தங்கசாமி பாயைச் சுருட்டினான். சோறு வந்த அந்தப் பின்சுவரின் மேலும் பிற்பாடு கண்ணாடிச் சில்லு ஏறியது.

"வழக்கு முடியுற வரைக்கும் வீட்டைக் காலியாப் போட்டுட்டு எங்கயும் போயிராதீங்கம்மா. உள்ள யார் இருக்காங்கறதுதான் முக்கியம்" என்று வக்கீல் சொன்னார். கேட்கிற கட்சிக்காரர்களுக்கெல்லாம் சொல்வதுபோலத்தான் சொன்னார். பேராச்சி அதை வேதமாகப் பிடித்துக்கொண்டாள். வாய்தா நாட்களில் செண்பகம் உள்ளே தாழிட்டுக்கொண்டு இருப்பாள். தாய் தென்காசிக்குப் போய்வருவாள். செண்பகத்துக்கு வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்தை வீட்டு முற்றத்திலேயே பந்தல் போட்டு நடத்தினாள். பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் கொண்டு விடச் சொந்தக்காரர்கள் போனார்கள். பெற்றவள் போகவில்லை. மாட்டுவண்டி சந்து முனையில் திரும்பி மறையும்வரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அவள் ஒருத்திதான். கோர்ட்டுக்குப் போவதும் நின்றது; வக்கீலே பார்த்துக்கொண்டார்.

செண்பகம் தலைச்சன் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அது சரியாகச் சீசன் நேரம். முன்னறைகள் இரண்டிலும் ஆள் இருந்தார்கள். வக்கீலுக்குக் கொடுக்க வேண்டியது பாக்கி. அந்த வாடகையை விட்டால் வேறு வழி இல்லை. "ஆவணி கழியட்டும். சீசன்காரங்க போனதும் அறையை வெள்ளையடிச்சு வச்சுட்டு ஒன்னயக் கூப்புடுதேன்" என்று சொல்லி அனுப்பினாள். இருட்டறையில், புகையில், வயிற்றுப்பிள்ளைக்காரியை எப்படிப் படுக்க வைக்க என்றுதான் அவள் நினைத்தாள். செண்பகம் அதற்குப் பதில் சொல்லி அனுப்பவில்லை.

ஆவணி பாதியில், சாரல் விடாமல் பெய்த ஒரு காலையில், மருமகனின் அண்ணன் நனைந்துகொண்டு வந்து வாசலில் நின்றார்.

"அத்தை, நேத்து சாயந்தரத்துலருந்து வலி. மாசம் நெறையலங்காவ. ஆசுபத்திரியில சேத்திருக்கு. அம்மா அம்மான்னு கெடந்து கூப்புடுதா. நீங்க உடனே கெளம்பணும்."

பேராச்சி அடுப்பை அணைத்தாள். வேறு சேலை மாற்றினாள். கிதிர் முகம்மது கடையை விட்டு எழுந்து வந்தார். "அக்கா, நீங்க போங்க. கடையச் சாத்திட்டு நான் இங்கனயே உக்காந்துக்கிடுதேன். எவன் வந்தாலும் என்னத் தாண்டித்தான உள்ள போவணும்?" சாவியை அவர் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அவர் விரல் மூடுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பிப் பாராமல் நடந்தாள்.

தென்காசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும்விட்டாள். வண்டி கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. அப்போது எதிரே வந்து நின்ற பஸ்ஸிலிருந்து தங்கசாமி இறங்கினான். கூடவே வாட்டசாட்டமாக இரண்டு ஆட்கள், கையில் ஒரு சாக்குப்பை. ஜன்னலில் அவளைக் கண்டதும் அவன் நின்றான்.

"என்ன மதினி, வீட்ட விட்டு எங்கன கெளம்பிட்டிய?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். பேராச்சி எழுந்தாள். மருமகனின் அண்ணன், "அத்தை, அத்தை, அவன் கெடக்கான், உக்காருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவள் இறங்கிவிட்டாள். "நீரு முன்னால போரும். நான் அடுத்த வண்டிக்கு வாரேன்" என்றாள். அதை அவள் நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னாள்.

மழையில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, கிதிர் முகம்மதுவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, உள்ளே போய்த் தாழிட்டாள். முன்னறைக்காரர்கள் வெங்காயம் வதக்கிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஈரச் சேலையோடு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

வெளியிலிருந்து கிதிர் முகம்மது கதவைத் தட்டினார். "அக்கா, அவன் அருவிப் பக்கம் போயிட்டான். நான் பாத்தேன். நீங்க பொறப்படுங்க."

"போவான். திரும்பி இந்த வழியாத்தான வருவான்?"

"வந்தா என்னக்கா? அங்கன ஒரு உசுரு கெடக்கு."

"தெரியும் பாய்" என்றாள். அடுத்த வண்டி போயிற்று. அதற்கடுத்த வண்டியும் போயிற்று. ஒவ்வொரு ஹாரன் சத்தத்துக்கும் அவள் எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள், பிறகு உட்கார்ந்தாள்.

மறுநாள் சேதி வந்தது. ஆண் குழந்தை, உயிரில்லாமல் பிறந்தது. செண்பகம் பிழைத்துக்கொண்டாள். "அவ இப்ப யாரையும் பாக்கண்டாம்ங்கா" என்று சேதி கொண்டுவந்தவன் முடித்துக்கொண்டான். கொஞ்ச நாள் கழித்துக் கிதிர் முகம்மது விசாரித்து வந்து சொன்னார். தங்கசாமி அன்றைக்கு வந்தது தன் பிள்ளைக்கு முடி இறக்க நேர்ந்திருந்ததற்கு ஏற்பாடு செய்ய. கூட வந்தவர்கள் அவன் மச்சினன்மார். பையில் இருந்தது பொங்கலிட அரிசி. பேராச்சி கேட்டுக்கொண்டே புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு அதுக்கு வந்தான். இன்னொரு நாளைக்கு எதுக்கு வருவான்னு ஒமக்குத் தெரியுமா பாய்?" என்றாள். அவர் கடைக்குத் திரும்பினார். பிரித்த புளியையும் கொட்டையையும் ஒன்றாகவே கூட்டி அள்ளி அவள் பானையில் போட்டதை முன்னறைப் பெண் பார்த்திருக்கிறாள். அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை.

வழக்கு அவள் பக்கம் தீர்ந்தது. மேலே போக வசதி இல்லாமல் தங்கசாமி புனலூர்ப் பக்கம் எஸ்டேட் வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டான். தீர்ப்பு நகலை வக்கீல் குமாஸ்தா கொண்டுவந்து கொடுத்தபோது பேராச்சி அவருக்கு மோர் கொடுத்தாள். அவர் போன பிறகு ஒவ்வோர் அறையாகப் போய் நடுவில் நின்று பார்த்தாள். இனி யாரையும் தடுக்க வேண்டியதில்லை. வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. சுண்ணாம்பைக் குழைத்து, கிழக்குச் சுவரின் மேல் உதிர்ந்திருந்த இடத்தில் சில்லுகளைப் பதிக்க ஆரம்பித்தாள்.

வாசுதேவநல்லூருக்கு ஆள் மூலம் சொல்லிவிட்டாள்: வீடு முழுக்க ஒனக்குத்தான், வந்து ஒன் பேருக்கு எழுதி வாங்கிக்கோ. செண்பகத்தின் பதில் அதே ஆள் வாயில் வந்தது. "எம் பேருக்கு எழுதுனா மறுநாளே வித்துருவேன்னு சொல்லிருங்க." பேராச்சி அவனை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னாள். "வேற எதுவும் சொல்லலையா?" என்று கேட்டாள். இல்லை என்றான்.

செண்பகத்துக்கு அடுத்த பிள்ளை பிறந்ததும் அவளுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. பெண் குழந்தை. பிரசவம் மாமியார் வீட்டிலேயே முடிந்து, பெயரும் வைத்தாயிற்று. பேராச்சி வெள்ளிக் கொலுசு வாங்கிக் கொடுத்தனுப்பினாள். கொலுசு திரும்பி வரவில்லை. அதையே ஒரு நல்ல சேதியாக அவள் கிதிர் முகம்மதுவிடம் சொல்லிக்கொண்டாள்.

போன ஆடியில் செண்பகம் புருஷன் வீட்டாரோடு அருவிக்கு வந்திருந்தாள். எல்லாரையும்போல லாட்ஜில் அறை எடுத்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பும் நேரத்தில், மற்றவர்களை பஸ் நிற்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்துக்குள் வந்தாள். வாசலுக்கு நேரே வந்து நின்றாள். இளைத்திருந்தாள். பேராச்சி கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வாட்டி" என்றாள்.

"இல்லம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போயேன். அறையெல்லாம் காலியாத்தான் கெடக்கு. இந்த வருசம் யாருக்கும் விடல."

"இருக்கட்டும்."

குழந்தை பேராச்சியையே பார்த்தது. அருவியில் குளிப்பாட்டியிருந்தார்கள், தலையிலிருந்து நீர் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. "பச்சப்புள்ள தலையில ஈரம் எறங்கிரும்ட்டி" என்று பேராச்சி முந்தானையை உருவி, நிலைக்கு உள்ளே நின்றபடியே கையை நீட்டி, குழந்தையின் தலையைத் துவட்டினாள். செண்பகம் தடுக்கவில்லை. சந்து முனையில் யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பேராச்சி காதுமடலைத் துடைத்தாள், பிடரியைத் துடைத்தாள், மறுபடி உச்சியிலிருந்து தொடங்கினாள். தலை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. அவள் துவட்டிக்கொண்டே இருந்தாள்.