அமாவாசை ஆட்டம்

சாலமன் சார் போய்விட்டார் என்று எங்கள் பழைய மாணவி கல்பனா போனில் சொன்னபோது நான் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "காலைல கிரவுண்டுலயே சாஞ்சிட்டாராம் மிஸ்," என்று அழுதாள். எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பல காலம் பயிற்சியாளராக இருந்தவர் அவர். நான் கணக்கு ஆசிரியை. ஆட்டங்களுக்கு அணியோடு துணைக்குப் போனவள்.

அவரிடம் ஆடியவர்களுக்குத் தெரியும், மனிதர் கத்தவே மாட்டார். பந்தைத் தப்பாக வீசினால், "ஏம்மா, அவ மேல கோவமா?" என்பார், அவ்வளவுதான். எங்கள் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் மாகறலில் பிறந்தவர். சென்னையில் ஒரு கிளப்புக்கு ஆடி, முழங்கால் போய், தற்காலிக வேலை என்று எங்களிடம் வந்தார். அந்தத் தற்காலிகம் தலை நரைக்கும்வரை நீண்டது.

அவருக்கு ஒரு பிடிவாதம். காஞ்சிபுரத்தில் அமாவாசையன்று தறி ஓடாது. நெசவு வீட்டுப் பெற்றோர், மகள் ஆடுவதைப் பார்க்க வர முடிந்தது அன்றைக்குத்தான். அதனால் அமாவாசையில் ஆட்டம் வந்தால் பெஞ்சில் இருக்கும் அத்தனை பேரையும் இறக்கிவிடுவார். ஏன் சார் என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் ஆடினத எங்கம்மா ஒரு தடவகூடப் பாத்ததில்ல மேடம். நாத்து நட்டுக்கினே இருந்தாங்க."

ஓர் ஆண்டு இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. கோப்பை கிடைத்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். பாழாய்ப்போன அமாவாசை அன்றைக்கா வர வேண்டும்! மூன்று புள்ளி முன்னிலை, ஆட்டம் முடியப்போகிறது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த பெண்ணை வெளியே அழைத்துக் கல்பனாவை உள்ளே அனுப்பினார். "வேணாம் சார், இன்னிக்கு மட்டும் வேணாம்," என்று கெஞ்சினேன். "அவங்கப்பா வந்துக்கிறாரு மேடம்," என்றார். கல்பனாவிடமிருந்து பந்து இரண்டு முறை பறிபோனது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

"புத்தி இருக்கா சார் உங்களுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவரோ கல்பனாவின் அப்பாவிடம், "பொண்ணு நல்லா ஓடுது பாருங்க, பந்து மட்டும்தான் நிக்கல," என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு வேறொருவரை வைத்தார்கள். சார் வாலாஜாபாத்தில் ஒரு பள்ளியில் டிரில் மாஸ்டராகச் சேர்ந்தார். அங்கும் தற்காலிகம்தான். மாநில அணிவரை போயிருக்க வேண்டிய மனிதர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அடக்கத்துக்கு மாகறல் போனேன். கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. அவரிடம் ஆடியவர்களும் பெற்றோரும் வேன் வேனாக வந்திருந்தார்கள். கூட்டத்தில் கல்பனாவின் அப்பாவைப் பார்த்து, "இன்னிக்கு அமாவாசை இல்லையே?" என்றேன்.

"தறிய நிறுத்திட்டு வந்துட்டோம்மா. எங்க தெருவுல இன்னிக்கு ஒண்ணுகூட ஓடல."

அதைப் பார்க்கச் சார் இல்லை. அன்று அவர் ஜெயித்திருக்க வேண்டும். அந்த வேலை அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கோபம்தான். அதை நான் விடப்போவதில்லை. தனக்காகக் கோபப்பட அவருக்குத் தெரியாது. அதற்கு நான் இருக்கிறேன்.