கடற்காற்றில் வளர்ந்த வண்டி

கல்லூரி மேடைகளில் என் பேச்சு எப்போதும் ஒரே வரியில்தான் தொடங்கும்: "கடற்காற்றில் வளர்ந்தவள் நான்." கைதட்டல் உறுதி. பழவேற்காட்டை அடுத்த எங்கள் மீனவ ஊரான தோணிரேவில், எங்கள் வீட்டு வாசலிலேயே, அந்த வரி என்னைக் கவிழ்த்தது.

துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் அண்ணன் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தான். சிவப்பு நிறம், தாழ்ந்த உடல், டர்போ எஞ்சின். வேலை போனதும் மீண்டும் படகேறினான். இப்போது படகின் எஞ்சின் பழுதாகிவிட்டது. புதியது வரும்வரை அடுத்தவர் படகில்தான் போகவேண்டும். கார் மூன்றரை லட்சத்துக்குப் போனால் புது எஞ்சின் வாங்கலாம். குறைந்தால் முடியாது.

மாதவரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் பார்க்க வந்தார்.

"ஏழு வருஷ வண்டிக்கு இன்னா நைனா இந்த வெல? இதே வருஷத்து ஃபேமிலி காரு பாதிக்குக் கெடைக்குதே."

"நான் பேசறேன்ணா" என்று அண்ணனை ஒதுக்கிவிட்டு முன்னே வந்தேன்.

"குடும்பக் காரை வாங்குபவருக்குத் தேவை பயணம், எந்தக் காரும் போதும். இதைத் தேடி வருபவருக்கு இதுதான் வேண்டும். கம்பெனி இந்த மாடலை நிறுத்திவிட்டது, தேடுபவர்கள் நிற்கவில்லை. ஆகவே இதன் விலை மெதுவாகத்தான் இறங்கும்."

அவர் தலையசைத்தார். அத்துடன் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"மேலும், இது நகரத்துப் புகையில் நின்ற வண்டியல்ல, கடற்காற்றில் வளர்ந்த வண்டி!"

"கடக்காத்தா?" அவர் சிரித்துவிட்டார். "துருன்னு நீயே சொல்லிட்டியே தங்கச்சி! ஐம்பதாயிரம் கொறைச்சுக்கோங்க."

அண்ணன் ஒரு பழைய சாக்கை விரித்தான்.

"கீழ பூந்து பாருண்ணா. அப்புறம் கொறைக்கலாம்."

அவர் செல்போன் வெளிச்சத்தோடு படுத்து உள்ளே நகர்ந்தார். சற்று நேரம் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பழுப்பாகப் பிசுபிசுத்த விரலை முகர்ந்தபடி வெளியே வந்தார்.

"இன்னாபா இது, கவுச்சி அடிக்குது?"

"மீன் எண்ணெய், துரு ஏறாது. மாசாமாசம் நல்ல தண்ணில கழுவி, காயவெச்சு அடிப்பேன். படகு எஞ்சினுக்குப் பாக்கற மாதிரிதான்."

அந்த நாற்றத்துக்காகவே நான் பேச்சுப் போட்டிகளுக்கு இந்தக் காரில் ஏற மறுத்து, பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி பஸ் பிடித்தேன். வண்டியைக் கெடுக்கிறாய் என்று அவனிடம் ஒருமுறை கத்தியும் இருக்கிறேன். அடுத்த மாதமும் அவன் எண்ணெய் அடித்தான்.

"ஒரு பொட்டு துரு இல்ல," என்றார் அவர், என்னைப் பார்க்காமல். விலையிலிருந்து ஐயாயிரம் மட்டும் குறைத்தார், கழுவுகிற செலவுக்கென்று. அந்த ஐயாயிரத்தை நான் பரிசுப் பணத்திலிருந்து எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன்; வாங்கிக்கொண்டான்.

சாவியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர் கண்ணாடியை இறக்கினார்.

"இந்த நாத்தம் எப்போ போவும் நைனா?"

"போவாது. போச்சுன்னா மறுபடி அடிச்சுடு."