லனூவியத்துப் பாம்பும் அன்னக்கிளியும்

ராஜபாளையத்தைத் தாண்டிப் போயிராத வரலாற்று வாத்தியார் உமையொருபாகம்தான், இத்தாலியில் லத்தீன்காரர்கள் வாழ்ந்த லனூவியம் என்னும் பழம்பட்டணத்துக்கு எங்கள் சங்கரன்கோவிலில் இருந்த ஒரே நிபுணர். இரண்டாவது ஆளைத் தேடும் அவசியம் யாருக்கும் வரவில்லை. ஊர் ஒருமுறையாவது தன் பேச்சைக் கேட்டு வாயைப் பிளக்க வேண்டும் என்பது அவருடைய இருபது வருட ஆசை. 1978இல் நூலக ஆண்டுவிழாவில் அரைமணி நேரம் கிடைத்தது.

"அங்கே குகையில் ஒரு தெய்வப்பாம்பு. கன்னிப்பெண்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு அதற்குப் பணியாரம் கொண்டுபோவார்கள். பாம்பு தின்றால் அந்த வருடம் நல்ல விளைச்சல். பாம்பு தொடாத பணியாரத்தை எறும்பு அரித்து வெளியே இழுத்துவந்தால், அந்தப் பெண் கெட்டுப்போனவள்!"

சுண்டலுக்காக வந்திருந்த அன்னக்கிளி எழுந்தாள். கோயில் வாசலில், புற்றுக்கு ஊற்றப் பால் விற்பவள்.

"வாத்தியாரய்யா, பாம்பு எங்கயாவது பணியாரம் திங்குமா? மாவுப் பண்டம் வச்சா எறும்புதான் வரும். நான் அன்னாடம் பாக்கேன். அதுக்கு அந்தப் புள்ள என்ன செய்வா, பாவம்?"

"அங்கே தோண்டிப் பார்த்த அறிஞர்களே..."

"அவுக புத்துக்குப் பால் வித்திருக்காகளா?"

ஊர் வாயைப் பிளந்தது, அன்னக்கிளியைப் பார்த்து. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, குறிப்பேட்டில் ‘கெட்டுப்போனவள்’ என்பதை அடித்தார்.

மறுவருடமும் லனூவியம்தான். நோட்டீசில் சொற்பொழிவு உமையொருபாகம். தலைமை, பால்கார அன்னக்கிளி.