படத்தில் விட்ட இடம்

படம் எடுக்கிற தொழிலில் ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்கும், ஆனால் ஒருத்தருக்கும் உங்கள் முகம் ஞாபகம் இருக்காது. மண்டபத்தில் கடைசிப் பந்தியில், கேமராவை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டவர்கள் உங்களில் இருந்தால் உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் இதற்குப் புதுசு. கப்பலூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டி ஓய்ந்தவன். படிப்பு எட்டாவதோடு சரி. பேரன் பிறந்ததும் என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் கோயம்புத்தூருக்கு, மகன் வீட்டுக்குப் போனாள். ஆறு மாசம் என்று சொல்லிவிட்டுப் போனது மூணு வருஷம் ஆகிவிட்டது. ஒத்தக்கடை வீட்டில் இப்போது நானும் டிவியும்தான். "கிளம்பி வா" என்று சொன்னால் வந்துவிடுவாள். சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவளிடம் சோறு கேட்டிருக்கிறேன், துண்டு கேட்டிருக்கிறேன், வா என்று கேட்டதில்லை.

மகன் தன் பழைய கேமராவைக் கொடுத்து, "பொழுது போகும்ப்பா" என்றான். எடுக்கிற படத்தையெல்லாம் பஞ்சவர்ணத்துக்கு போனில் அனுப்புவேன். அவள் வாய்ஸில் பதில் சொல்வாள். எங்கள் குடும்பப் பேச்சு அவ்வளவுதான்.

திமில்

எங்கள் தெருவில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் செல்விதான் முதல் வேலை பிடித்துக் கொடுத்தது. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒருத்தர், தன் காளையோடு நிற்கிற மாதிரி போர்டு வைக்கணும் என்றார். காளை தலையைத் தாழ்த்தி என்னைப் பார்த்து ஒரு மூச்சு விட்டது. அதற்கப்புறம் என் கவனமெல்லாம் எந்தப் பக்கம் ஓடுவது என்பதில்தான் இருந்தது. இருந்தாலும் படம் விழுந்தது. அவர் மீசை, வாட்ச், காளையின் கொம்பு, கண்ணு எல்லாம் துல்லியம். காளையின் முதுகுக்கு மேலேதான் ஒன்றுமில்லை; அதோடு படம் முடிந்துவிட்டது.

அவர் படத்தைப் பெரிசாக்கி, சின்னதாக்கி, மறுபடி பெரிசாக்கிப் பார்த்தார். சண்டை போடவில்லை. துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்: "அண்ணே, என் தலைய வெட்டியிருந்தாக்கூட பேசாமப் போயிருப்பேன். திமில வெட்டிட்டு இதக் காளைன்னு நான் யார்ட்டப் போயிச் சொல்ல?"

இருபத்தோரு தட்டு

திமிலுக்குப் பிறகு போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். முகத்தைத் தெளிவாக வைத்து, பின்னால் உள்ளதை எல்லாம் பனி மாதிரி மங்கலாக்கினால் படம் அழகாக இருக்குமாம். கற்ற வித்தையை ஒரு சடங்கு வீட்டில் இறக்கினேன். மேளத்தோடு தாய்மாமன் சீர் வந்தது. பழம், பலகாரம், பட்டு, வளையல் என்று இருபத்தோரு தட்டு, வரிசையாகப் பெண்கள் தலையில். நான் மேடையில் இருந்த பிள்ளையின் முகத்தைப் பிடித்தேன். கண்ணிமை தனித்தனியாகத் தெரிந்தது. சீர்வரிசை முழுக்கப் பின்னால் புகையாகப் போய்விட்டது.

தாய்மாமன் என்னை மண்டபத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். "எங்கய்யா என் தட்டு?" என்றார். அழகுக்காக அப்படி எடுத்தேன் என்றேன். "மருமக மொகம் எங்களுக்குத் தெரியும்யா. ஊருக்குத் தெரிய வேண்டியது தட்டு!"

அன்றைக்கு எனக்குப் பந்தியில் இலை போட்டார்கள். பாயசம் மட்டும் வரவில்லை.

மலை

வேலையில்லாத நாளில் காலையில் மொட்டை மாடியில் நின்று யானைமலையை எடுப்பேன். மேகத்தோடு ஒன்று, வெயிலோடு ஒன்று. நமக்குச் சண்டை போடாத வாடிக்கையாளர் அந்த மலை ஒன்றுதான். நாற்பது, ஐம்பது படம் அனுப்பியிருப்பேன். பஞ்சவர்ணம் முதலில் "நல்லா இருக்கு" என்றாள். பிறகு "ம்" என்றாள். ஒருநாள் பின்னால் பேரன் அழுகிற சத்தத்தோடு வாய்ஸ் வந்தது: "மலை எங்கயும் போயிறாது. அம்புட்டுப் படத்துலயும் ஒரு மனுசரைக் காணோமே, அங்க யாருமே இல்லையா?"

அந்தப் படங்களை எடுத்த நான் அங்கேதான் இருந்தேன் என்று சொல்ல வந்தேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற படத்தை அனுப்பிவிட்டு ரசத்தைச் சூடு பண்ணப் போனேன்.

சுவர்

செல்வி கம்ப்யூட்டரில் என் படங்களை வெட்டி ஒட்டும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். பேச ஆள் கிடைத்த மாதிரியும் ஆச்சு, பாடம் கேட்ட மாதிரியும் ஆச்சு. ஒருநாள் ஒரு பெரியவர் படம். அவர் இடது பக்கம் பார்க்கிறார். நான் வலது பக்கம் இடத்தை விட்டு, அவர் மூக்கைப் படத்தின் ஓரத்தில் ஒட்ட வைத்திருந்தேன்.

செல்வி தலையில் அடித்துக்கொண்டது: "பாக்குற பக்கம் எடம் விடுங்கண்ணே! பாவம், கோவிச்சுக்கிட்டு செவுத்தப் பாத்து உக்காந்த மனுசன் மாதிரி இருக்காரு."

அன்று வீட்டில் தட்டைப் போட்டு உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், நானும் மூணு வருஷமாகச் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன்.

பெஞ்சு

போன மாசம் செல்வி, "உங்க பேரு போட்டு ஒரு போர்டு அடிச்சுத் தாரேன், உங்க படம் ஒண்ணு குடுங்கண்ணே" என்றது. தேடினேன். ஆயிரம் பேரை எடுத்தவனிடம் தன் படம் ஒன்று இல்லை. மாடியில் பெஞ்சைப் போட்டு, கேமராவில் பத்து விநாடி டைமர் வைத்துவிட்டு ஓடினேன். முதல் படத்தில் என் முதுகு. அடுத்ததில் பாதி வேட்டி. ஏழாவது தடவை, பெஞ்சின் வலது ஓரத்தில் உட்கார்ந்து இடது பக்கம் பார்த்தேன். தலைக்கு மேலே இடம், பார்க்கிற பக்கம் முழு இடம், பின்னால் மலை. சத்தியமாகச் செல்வி சொன்ன பாடத்தைத்தான் செய்தேன்.

இரண்டு பேருக்கும் அனுப்பினேன். செல்வி உடனே, "சூப்பர்ண்ணே, பேரு எழுத எடம் கெடச்சிருச்சு" என்றது. பஞ்சவர்ணம் பார்த்துவிட்டதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. மதியம் வரவில்லை, சாயங்காலமும் வரவில்லை. படத்தை நானே எடுத்து எடுத்துப் பார்த்தேன். அழிக்கலாமா என்றும் தோன்றியது.

மறுநாள் காலையில் வாய்ஸ் வந்தது. பஞ்சவர்ணம் சொன்னாள்: "காலரு மடிஞ்சு கெடக்கு, அதக்கூடப் பாக்க மாட்டீங்களா? பக்கத்துல எம்புட்டு எடம் விட்டிருக்கீங்க! எனக்கு அதுல பாதி போதும். பேரன ஸ்கூல்ல சேத்துட்டு வாரேன்."

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருக்கிறது. பெஞ்சை நான் மாடியிலிருந்து இறக்கவில்லை.

வாயால் ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதவன், திமிலையும் தட்டையும் கோட்டைவிட்டு ஒரு தொழிலையே கற்றுக்கொண்டுதான் அதைக் கேட்க வேண்டியிருக்கிறது.